வினாத்தாளில் இரண்டு குடங்கள்: இந்திய இளநிலைக் கல்வியில் செயற்கை நுண்ணறிவு

இந்தியப் பொறியியல் கல்வியில் ‘செயற்கை நுண்ணறிவு’ ஓர் இளநிலைப் பட்டத்தின் பெயராகிப் பல ஆண்டுகள் ஆகிவிடவில்லை. 2019-20 கல்வியாண்டில் ஐதராபாத் ஐ.ஐ.டி. ஏறத்தாழ 20 இடங்களுடன் அப்பெயரில் முழுமையான பி.டெக். படிப்பைத் தொடங்கியது. அதன்பின் நடந்ததை நாம் அனைவரும் அறிவோம். சிறு நகரங்களின் சுயநிதிக் கல்லூரிகளிலும் இன்று அப்பெயர் தாங்கிய துறைகள் இருக்கின்றன. சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் முதலில் கேட்கும் துறைகளுள் ஒன்றாகவும் அது ஆகியிருக்கிறது.

பட்டம் புதியது என்றாலும் பாடம் பழையது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அது விருப்பப் பாடமாக வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டது. அதன் வேர்களோ அதற்கும் முப்பது ஆண்டுகள் முந்தையவை. அந்த வரலாற்றை இங்கே தொகுத்துச் சொல்ல விழைகிறேன். ஒரு பாடம் வகுப்பறைக்கு வரும்போது யாரோ ஒருவருடைய கேள்விக்கு விடையாகத்தான் வருகிறது. செயற்கை நுண்ணறிவு இந்தியக் கல்லூரிகளுக்கு யாருடைய கேள்விக்கு விடையாக வந்தது என்பதே இப்பதிவை நடத்திச்செல்லும் வினா.

1. பெயருக்கு முந்தைய காலம்

‘செயற்கை நுண்ணறிவு’ என்னும் தொடர் 1955இல் எழுதப்பட்ட ஓர் ஆய்வுத் திட்ட வரைவில் இடம்பெற்றது. 1956 கோடையில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நிகழ்ந்த கூடுகைக்குப் பின் அது துறைப் பெயராக நிலைபெற்றது. அந்த ஆண்டுகளில் சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் பயின்றுகொண்டிருந்தவர் ராஜ் ரெட்டி. 1958இல் அங்கே பட்டம் பெற்ற அவர், ஆஸ்திரேலியா வழியாக ஸ்டான்ஃபோர்டு சென்று, டார்ட்மத் கூடுகையின் முதன்மை அமைப்பாளரான ஜான் மெக்கார்த்தியிடம் 1966இல் முனைவர் பட்டம் பெற்றார். கணினிக்குப் பேச்சைப் புரியவைக்கும் ஆய்வில் முன்னோடியாகத் திகழ்ந்த அவருக்கும் எட்வர்ட் ஃபைகன்பாமுக்கும் 1994ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பகிர்ந்தளிக்கப்பட்டது.

அதே கிண்டிக் கல்லூரியில் ரெட்டிக்கு முன்னர்த் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்றவர் ஆர். நரசிம்மன். அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1954இல் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். 1960இல் செயல்பாட்டுக்கு வந்து, பின்னர் நேருவால் ‘டிஃப்ராக்’ எனப் பெயரிடப்பட்ட கணினியை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் அவர். 1960களின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, குமிழி அறைப் படங்களில் பதிவாகும் துகள்களின் தடங்களை இயந்திரம் எவ்வாறு அடையாளம் காணலாம் என்று ஆராய்ந்தார். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதைப்போல் படத்துக்கும் இலக்கணம் இருக்க முடியும் என்ற அவருடைய அணுகுமுறை, வடிவமறிதல் துறையில் ஒரு தனிக்கிளைக்கு வித்திட்டது.

மூன்றாவது வேர் கல்கத்தாவில் இருக்கிறது. 1936இல் பி.சி. மகாலனோபிஸ் வெளியிட்ட பொதுமைப்படுத்திய தொலைவு பற்றிய கட்டுரையின் பின்னணியில் இருந்தவை மனித உடலளவுத் தரவுகள். இரு குழுக்கள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை, அளவைகளுக்கு இடையிலான ஒட்டுறவையும் கணக்கில் கொண்டு அளக்கும் முறை அது. இன்று இயந்திரக் கற்றல் பாடம் எடுக்கும் மாணவர் ‘மகாலனோபிஸ் தொலைவு’ என்று அதையே படிக்கிறார். இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சி.ஆர். ராவ் வளர்த்த மதிப்பீட்டுக் கோட்பாடும் வகைப்படுத்தல் முறைகளும் அதே மரபின் தொடர்ச்சி. பின்னாளில் அங்கே துவிஜேஷ் தத்த மஜூம்தாரும் சங்கர் கே. பாலும் வடிவமறிதல் ஆய்வை வளர்த்ததும், 1993இல் இயந்திர நுண்ணறிவுப் பிரிவு தொடங்கப்பட்டதும் அந்த மண்ணில்தான்.

இம்மூவரும் செயற்கை நுண்ணறிவை இளநிலைப் பாடமாகப் படித்தவர்கள் அல்லர். படிக்க அப்படியொரு பாடம் அன்று இல்லை. கட்டுமானப் பொறியியல், தொலைத்தொடர்பு, இயற்பியல் ஆகியவற்றிலிருந்து வந்தவர்கள் தங்கள் முன் நின்ற ஒரு சிக்கலைத் துரத்திச் சென்று இத்துறையைச் சென்றடைந்தார்கள். பட்டத்தின் பெயர் ஒரு மாணவரை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்று விவாதிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

2. கான்பூர், 1963

இளநிலை மாணவரின் கைக்குக் கணினி வந்த கதை கான்பூரில் தொடங்குகிறது. 1959இல் நிறுவப்பட்ட கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு 1962 முதல் பத்தாண்டுகள் துணைநின்றது. 1963இல் ஐ.பி.எம். 1620 கணினி அங்கே வந்து சேர்ந்தது. அதை நிறுவிப் பயிற்சி அளிக்க வந்தவர்களுள் ஒருவர் ஹாரி ஹஸ்கி. 1947இல் இங்கிலாந்தில் ஆலன் டூரிங்குடன் பணியாற்றியவர். ‘இயந்திரம் சிந்திக்குமா’ என்ற வினாவை 1950இல் தம் கட்டுரையில் முன்வைத்தவரின் பழைய சகபணியாளர், பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் கங்கைக்கரையில் நிரலாக்கம் கற்பித்தார். ஒன்பது கல்வி நிலையங்களுள் கார்னெகியும் ஒன்று. ஆலன் நியூவெல்லும் ஹெர்பர்ட் சைமனும் இயந்திரச் சிந்தனை பற்றிய தொடக்ககால ஆய்வுகளை நடத்திக்கொண்டிருந்த இடம் அது.

ஆனால் கான்பூருக்கு வந்தது செயற்கை நுண்ணறிவுப் பாடம் அன்று. வந்தது கணினியைப் பயன்படுத்தும் பழக்கம். எச்.என். மகாபலா, வி. ராஜாராமன் போன்ற இளம் ஆசிரியர்கள் மாணவரைத் தாமே நிரல் எழுதவும், துளையட்டைகளில் அதைப் பதிந்து இயக்கவும் பழக்கினார்கள். பிற கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் குறுகிய காலத் தீவிரப் பயிற்சிகள் நடத்தப்பட்டன. ராஜாராமன் எழுதிய நிரலாக்கப் பாடநூல்கள் மாணவர் வாங்கக்கூடிய விலையில் வெளிவந்து, கணினியைக் கண்ணால் காணாத கல்லூரிகளுக்கும் சென்றன. 1978இல் கணினியியலில் பி.டெக். படிப்பு அங்கே தொடங்கியபோது, கற்பிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை ஆசிரியர்கள் ஏற்கெனவே உருவாகியிருந்தார்கள்.

கான்பூரின் வரிசைமுறை இதுதான்: முதலில் கருவி வந்தது, அடுத்து ஆசிரியர்கள் உருவானார்கள், பிறகு பாடநூல்கள், முதுநிலைப் படிப்பு, கடைசியில் இளநிலைப் பட்டம். 1963க்கும் 1978க்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. இன்றைய நிலையோடு ஒப்பிடும்போது இந்தப் பதினைந்து ஆண்டுகளின் பொருள் விளங்கும்.

3. ஜப்பானுக்கு ஒரு மறுமொழி

1982இல் ஜப்பான் ‘ஐந்தாம் தலைமுறைக் கணினி’த் திட்டத்தைத் தொடங்கியது. தருக்க நிரலாக்கத்தை அடித்தளமாகக் கொண்டு, அறிவைக் கையாளும் இயந்திரங்களைப் பத்தாண்டுகளில் உருவாக்குவது அதன் இலக்கு. அமெரிக்காவும் பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகளும் பதறி எழுந்து தத்தம் திட்டங்களை அறிவித்தன. இந்தியாவின் மறுமொழி 1986இல் வந்தது. மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ‘அறிவுசார் கணினி அமைப்புகள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது.

வேலை பகுத்தளிக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.க்கு வல்லுநர் அமைப்புகள், டாட்டா நிறுவனத்துக்குப் பேச்சு, இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குப் படிமச் செயலாக்கம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு இணைச் செயலாக்கம். நரசிம்மன் முன்பு உருவாக்கிய அமைப்பிலிருந்து கிளைத்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் இதில் பங்கேற்றது. 1989 டிசம்பரில் பம்பாயில் நடந்த பன்னாட்டு மாநாட்டின் கட்டுரைத் தொகுதி ஸ்பிரிங்கர் வெளியீடாக வந்தது. அன்றைய ஆய்வு எங்கே நின்றது என்பதை அறிய இன்றும் அது நல்ல ஆவணம்.

இத்திட்டத்தின் நோக்கம் ஆராய்ச்சி. ஆயினும் அதன் நிழல் இளநிலைப் பாடத்திட்டத்தின் மேலும் விழுந்தது. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் பல்கலைக்கழகங்கள் கணினியியல் பாடத்திட்டங்களை வகுத்தபோது, ‘செயற்கை நுண்ணறிவும் வல்லுநர் அமைப்புகளும்’ என்ற இரட்டைப் பெயரில் ஒரு விருப்பப் பாடம் பரவலாக இடம்பிடித்தது. லிஸ்ப், புரோலாக் என்னும் இரு நிரல்மொழிகளும் உடன்வந்தன. 1992 அளவில் ஜப்பானின் திட்டம் எதிர்பார்த்த பயனைத் தராமல் முடிவுக்கு வந்தது. வல்லுநர் அமைப்புகளின் சந்தை அதற்கு முன்பே சரியத் தொடங்கியிருந்தது. உலகம் கைவிட்ட பிறகும் நம் பாடத்திட்டத்தின் ஐந்தாம் அலகில் வல்லுநர் அமைப்பு வெகுகாலம் வாழ்ந்தது.

4. கரும்பலகையில் இரண்டு குடங்கள்

அந்த விருப்பப் பாடத்தைப் படித்தவர் எவரும் இரண்டு குடங்களை மறந்திருக்க மாட்டார்கள். நான்கு காலன் குடம் ஒன்று, மூன்று காலன் குடம் ஒன்று. அளவுக்கோடு இரண்டிலும் இல்லை. பெரிய குடத்தில் சரியாக இரண்டு காலன் நீர் வேண்டும். எலைன் ரிச் 1983இல் எழுதிய பாடநூல் இந்தக் கணக்கை நம் வகுப்பறைகளுக்குக் கொண்டுவந்தது. 1991இல் கெவின் நைட்டும், பின்னர் இந்தியப் பதிப்பில் குவாகாத்தி ஐ.ஐ.டி.யின் சிவசங்கர் நாயரும் அந்நூலில் இணைந்தனர். மூன்று தலைமுறை மாணவர்கள் அதைப் படித்தார்கள். எட்டுக்கட்டப் புதிர், பாதிரியாரும் நரமாமிசம் உண்போரும் ஆற்றைக் கடப்பது, பாம்பேயைச் சேர்ந்த மார்க்கஸ் சீசரை வெறுத்தானா என்று தருக்கவிதிகளால் நிறுவுவது ஆகியவை அதே குடும்பத்துப் பிள்ளைகள்.

இக்கணக்கின் அழகைச் சற்றுப் பார்ப்போம். பெரிய குடத்தில் 0 முதல் 4 வரை ஐந்து அளவுகள், சிறியதில் 0 முதல் 3 வரை நான்கு. ஆக, முழு எண் நிலைகள் இருபது. நிரப்புதல், கொட்டுதல், ஒன்றிலிருந்து மற்றொன்றில் ஊற்றுதல் ஆகியவையே அனுமதிக்கப்பட்ட செயல்கள். சிறிய குடத்தை நிரப்பிப் பெரியதில் ஊற்று. மீண்டும் சிறியதை நிரப்பிப் பெரியது நிறையும்வரை ஊற்று. சிறியதில் இரண்டு எஞ்சும். பெரியதைக் கொட்டிவிட்டு அந்த இரண்டை அதில் ஊற்று. ஆறு செயல்களில் முடிகிறது. இந்த விடை பெரிதன்று. ஒரு சிக்கலை நிலைகளாகவும் நகர்வுகளாகவும் எழுதிவிட்டால், அச்சிக்கலைப் பற்றி ஒன்றும் அறியாத இயந்திரமும் தேடிக் கண்டடைய முடியும் என்பதே பெரிது. இருபது நிலைகளையும் ஒரு தாளில் வரைந்து, அகலவாக்கில் தேடுவதையும் ஆழவாக்கில் தேடுவதையும் கைவிரலால் பின்தொடரலாம். கணினியே இல்லாத கல்லூரியிலும் இதைக் கற்பிக்க முடிந்தது. குறியீட்டுவழிச் செயற்கை நுண்ணறிவு ஏழைக் கல்லூரிக்கு ஏற்ற பாடமாக இருந்தது. அதற்குத் தேவைப்பட்டவை சுண்ணக்கட்டியும் பொறுமையும் மட்டுமே.

ஆனால் இணைப்புக் கல்லூரி முறை அதை வேறொன்றாக மாற்றியது. பாடத்திட்டத்தை வகுப்பது ஒரு குழு, வகுப்பெடுப்பவர் வேறொருவர், வினா எழுதுபவர் மூன்றாமவர், விடைத்தாள் திருத்துபவர் நான்காமவர். ஒருவரை ஒருவர் அறியாத இந்நால்வரும் ஒத்துப்போக வேண்டுமானால், எல்லோருக்கும் ஒரேமாதிரி மதிப்பெண் இடக்கூடிய வினாதான் வேண்டும். ஆறு படிகளும் விடைத்தாளில் வரிசையாக இருந்தால் முழு மதிப்பெண். அந்த நிலைவெளியை நிரலாக எழுதி இயக்கிப் பார்த்தாரா, குடங்களின் அளவை மாற்றினால் எப்போது தீர்வே இராது என்று கேட்டுப் பார்த்தாரா என்பது வினாத்தாளின் கவலை ஆகாது. நான்கும் இரண்டும் காலன் கொண்ட குடங்களில் ஒரு காலனைப் பிரிக்கவே முடியாது. மீப்பெரு பொதுக்காரணி அதைத் தடுக்கிறது. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் தேடலிலிருந்து எண்கோட்பாட்டுக்கு ஒரு கதவு திறந்திருக்கும். விடையை மனனம் செய்தவருக்கு அக்கதவு தென்படவில்லை.

இதில் ஆசிரியர்களைக் குறைசொல்வது எளிது, நியாயமன்று. தாம் மாணவராக இருந்தபோது கேள்விப்படாத பாடத்தை, ஒற்றைப் பாடநூலை வைத்துக்கொண்டு, வேறு மூன்று பாடங்களுக்கு நடுவே கற்பித்தவர்கள் அவர்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் பி. யக்ஞநாராயணா 1999இல் நரம்பிணையங்கள் பற்றியும், தீபக் கேமானி 2013இல் செயற்கை நுண்ணறிவின் முதல்நிலைப் பாடமாகவும் எழுதிய நூல்கள், இந்திய வகுப்பறை அனுபவத்திலிருந்து எழுந்தவை. 2003இல் தொடங்கிய என்.பி.டெல். காணொளிகள் ஐ.ஐ.டி. வகுப்பறையின் சுவரை ஓரளவு உடைத்தன. மாணவரைவிட இணைப்புக் கல்லூரி ஆசிரியருக்கே அவை பெரிய துணையாக அமைந்திருக்கக் கூடும் என்பது என் கணிப்பு.

5. நம்முடைய கேள்வி எது?

ஜப்பானிடமிருந்தோ சந்தையிடமிருந்தோ வராமல், இந்தச் சூழலிலிருந்தே எழுந்த கேள்விகளும் இவ்வரலாற்றில் உண்டு. இரண்டைச் சொல்லலாம்.

முதலாவது மொழி. 1985இல் ரிக் பிரிக்ஸ் ‘ஏ.ஐ. மேகசின்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சமஸ்கிருத இலக்கண, தருக்க அறிஞர்கள் ஒரு வாக்கியத்தின் பொருளை ஐயமின்றி விரித்துரைக்கக் கையாண்ட முறை, செயற்கை நுண்ணறிவாளர் உருவாக்கிய சொற்பொருள் வலைகளை ஒத்திருக்கிறது என்பது அவர் வாதம். ‘கணினிக்கு மிகப் பொருத்தமான மொழி சமஸ்கிருதம் என்று நாசா சொன்னது’ என இன்றும் உலவும் வதந்திக்கு மூலம் இக்கட்டுரைதான். கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அது தூண்டிய ஆர்வத்தில் 1986 டிசம்பரில் பெங்களூரில் ஒரு மாநாடு நடந்தது. இலக்கணப் பண்டிதர்களும் கணினியியலாரும் ஒரே அவையில் அமர்ந்தனர்.

அந்த ஆர்வத்தை ஆரவாரமின்றி அறிவியலாக்கியவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் வினீத் சைதன்யாவும் ராஜீவ் சங்கலும் அவர்களுடைய குழுவினரும். அக்குழு தனக்கு ‘அக்ஷர் பாரதி’ என்று ஒரு கூட்டுப்பெயர் சூட்டிக்கொண்டது. அவர்களின் தொடக்கப்புள்ளி எளிமையானது. ஆங்கிலத்தில் யார் செய்தார், எது செய்யப்பட்டது என்பதைச் சொல்வரிசை காட்டுகிறது. இந்திய மொழிகளில் அதை உருபுகள் காட்டுகின்றன. ‘குழந்தை பழத்தைத் தின்றது’ என்பதைப் ‘பழத்தைக் குழந்தை தின்றது’ என்று மாற்றினாலும் தின்றது குழந்தைதான். இரண்டாம் வேற்றுமை உருபு அதை உறுதிசெய்கிறது. ஆகவே ஆங்கிலத்தை அளவுகோலாகக் கொண்ட வாக்கியப் பகுப்பு முறைகளைவிட, உருபுக்கும் வினையோடான உறவுக்கும் உள்ள தொடர்பை விளக்கும் பாணினியின் காரகக் கோட்பாடு நம் மொழிகளுக்கு ஏற்றது. இதை விளக்கும் அவர்களின் நூல் 1995இல் தில்லியிலிருந்து வெளிவந்தது.

அக்குழு உருவாக்கிய ‘அனுசாரகா’ என்னும் அமைப்பு தெலுங்கு, கன்னடம், மராத்தி முதலியவற்றிலிருந்து இந்தி வாசகருக்கு ஒரு வழியை அமைத்தது. அதன் அடிப்படைக் கொள்கையை இன்றைய மாணவர் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். மூலத்தில் உள்ள தகவல் எதையும் இயந்திரம் இழக்கக் கூடாது. தனக்குத் தெளிவாகாததைத் தெளிவானதுபோல் காட்டவும் கூடாது. வெளியீடு கரடுமுரடாக இருக்கலாம். பொருள் தேர்வைச் செய்யும் பொறுப்பு, உலகறிவு உள்ள வாசகருடையது. தடையின்றி ஓடும் நடையில் தவறையும் சரியையும் ஒரே உறுதியோடு சொல்லும் மொழி மாதிரிகள் நம் கைக்கு வந்திருக்கும் இக்காலத்தில், முப்பதாண்டுப் பழமையுடைய அந்த நெறி பழையதாகத் தோன்றவில்லை. 1998இல் நிறுவப்பட்ட ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் சங்கலின் தலைமையில் இம்மரபு தொடர்ந்தது. பி.டெக். பட்டத்தோடு கணினிமொழியியல் ஆய்வையும் இணைத்துப் பயிலும் வாய்ப்பு அங்கே இளநிலை மாணவருக்குக் கிடைத்தது.

இரண்டாவது, நரசிம்மனின் பிற்காலத் தேடல். இயந்திரம் சதுரங்கம் ஆடுவதில் அவருக்கு நாட்டம் குறைவு. ஒரு குழந்தை எப்படிப் பேசத் தொடங்குகிறது என்பதில்தான் அவர் மனம் தோய்ந்தது. தமிழ் பேசும் ஒரு குழந்தையின் பேச்சு வளர்ச்சியை அவரும் சக ஆய்வாளரும் தொடர்ந்து பதிவுசெய்தனர். அத்தொகுப்பு இன்று ‘சைல்ட்ஸ்’ என்னும் பன்னாட்டுக் குழந்தைமொழித் தரவகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்பது இயந்திரம் செய்யும் பொறியியலா, நடத்தையைப் புரிந்துகொள்ளும் அறிவியலா என்ற கேள்வியை 2004இல் வெளியான அவருடைய நூல் வரை அவர் விடவில்லை. இவ்வளவு ஆழ்ந்த வாதம் நம் இளநிலைப் பாடத்திட்டங்களில் ஒரு பத்தியாகக்கூட இடம்பெறாதது வருத்தத்துக்குரியது.

6. விருப்பப் பாடம் பட்டமான கதை

2012இல் பன்னிரண்டு லட்சம் படங்களை இரண்டு ஜிபியூக்களில் பயின்ற ஒரு நரம்பிணையம், படமறிதல் போட்டியில் மற்ற முறைகளைப் பெரும் இடைவெளியில் வென்றது. அதன்பின் துறையின் ஈர்ப்பு மையம் தருக்கத்திலிருந்து புள்ளியியலுக்கும் நுண்கணிதத்துக்கும் நேரியல் இயற்கணிதத்துக்கும் நகர்ந்தது. 2018 ஜூனில் நிதி ஆயோக் செயற்கை நுண்ணறிவுக்கான தேசிய உத்தி பற்றிய விவாத அறிக்கையை வெளியிட்டது. 2019-20இல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் அது விருப்பப் பாடமானது.

இதே வேளையில் பொறியியல் கல்வி வேறொரு நெருக்கடியில் இருந்தது. நாட்டின் பொறியியல் இடங்களில் ஏறத்தாழ பாதி நிரம்பாமல் கிடந்தது. பி.வி.ஆர். மோகன் ரெட்டி தலைமையிலான குழு, 2020 முதல் புதிய கல்லூரிகளுக்கு அனுமதி வழங்க வேண்டாம் என்றும், செயற்கை நுண்ணறிவு உள்ளிட்ட வளரும் தொழில்நுட்பங்களில் இளநிலைப் படிப்புகளை ஊக்குவிக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இரண்டையும் ஏற்றது. பரிந்துரையின் நோக்கம் நல்லது. ஆனால் இரண்டும் சேர்ந்தபோது ஒரு விளைவு தவிர்க்க முடியாததாயிற்று. ஆளில்லாத துறையின் இடங்களைக் குறைத்துக்கொண்டு, கேட்பாருள்ள பெயரில் புதிய துறை தொடங்குவது நிர்வாகங்களுக்கு இயல்பான வழியானது. 2024-25 முதல் ஒரு துறையில் எவ்வளவு பேரைச் சேர்க்கலாம் என்ற உச்சவரம்பும், தகுதியுள்ள கல்லூரிகளுக்கு நீக்கப்பட்டது.

முதல் அலையில் ஜப்பானின் கேள்விக்கு நாம் விடை தேடினோம். இரண்டாம் அலையில் காலி இருக்கைகளின் கேள்விக்கு விடை தேடியிருக்கிறோம். கான்பூரில் பதினைந்து ஆண்டுகளில் நடந்த வரிசை இங்கே தலைகீழானது. பட்டம் முதலில் வந்துவிட்டது. ஆசிரியரையும் பாடநூலையும் பிறகுதான் தேடுகிறோம்.

நேர்மையாகப் பார்த்தால் இவ்வலை கொண்டுவந்த நன்மைகளும் சிறியவை அல்ல. 2020இல் சென்னை ஐ.ஐ.டி. நிரலாக்கத்திலும் தரவறிவியலிலும் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு, ஜே.இ.இ. என்னும் ஒற்றை வாசலைத் தாண்டியும் ஐ.ஐ.டி. கல்வியைத் திறந்துவிட்டது. 2024 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘இந்தியா ஏ.ஐ.’ இயக்கத்துக்கு ஒதுக்கப்பட்ட ரூ. 10,300 கோடிக்கும் மேற்பட்ட தொகையில் கணிப்புத்திறன் வசதிகளுக்கும் பங்கு உண்டு. அன்று சுண்ணக்கட்டியால் கற்பிக்க முடிந்த பாடத்துக்கு இன்று கணிப்புத்திறன் வேண்டும் என்ற ஏற்றத்தாழ்வைத் தணிக்க அது உதவலாம்.

7. அடுத்த அறையில் இருப்பவர்கள்

இந்த வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவுகள் மூன்று.

ஒன்று: இயந்திரக் கற்றலின் அடிப்படைகள் நம் கலை அறிவியல் கல்லூரிகளுக்குப் புதியவை அல்ல. உடன்தொடர்புப் போக்கு, பாகுபாட்டுப் பகுப்பாய்வு, பேயஸ் தேற்றம், முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு ஆகியவற்றைப் புள்ளியியல் துறைகள் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகின்றன. மகாலனோபிஸின் நாட்டில் செயற்கை நுண்ணறிவுப் பட்டத்துக்கு ஆசிரியர் இல்லை என்று சொல்லும்போது, அடுத்த கட்டடத்திலுள்ள புள்ளியியல் துறையின் கதவைத் தட்டிப் பார்த்தோமா? மொழியியல், உளவியல், மெய்யியல் துறைகளுக்கும் இது பொருந்தும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பேசும் பல்துறைக் கல்விக்கு இதைவிட நேரான தேர்வுக்களம் இல்லை.

இரண்டு: கருவிகள் மாறும், கேள்விகள் நிற்கும். புரோலாக் போயிற்று, இன்றைய நூலகத் தொகுப்புகளும் ஒருநாள் போகும். நான்காண்டுப் பட்டத்தின் பெயரைக் கருவியின் மேல் கட்டினால், கருவியோடு பட்டமும் பழசாகும். வல்லுநர் அமைப்பு ஐந்தாம் அலகில் அடைந்த கதியை, இன்று பட்டத்தின் பெயரே அடையும் அபாயம் இருக்கிறது. அன்று நட்டம் ஒரு விருப்பப் பாடத்தோடு முடிந்தது. இன்று பணயத்தில் இருப்பது, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பலரின் நான்கு ஆண்டுகளும் அவர்கள் வீட்டின் கடனும்.

மூன்று: இத்துறையில் இந்தியாவின் தனித்த பங்களிப்புகள், நம் சூழலின் கேள்வியைக் கையிலெடுத்த இடங்களில்தான் நிகழ்ந்தன. உடலளவுத் தரவு, உருபேற்ற மொழி, பேசத் தொடங்கும் குழந்தை எல்லாம் வகுப்பறைக்கு வெளியே நம் கண்முன் இருந்தவை. ஓர் இளநிலை மாணவர் தம் ஊர்ச் சந்தையின் விலைப்பட்டியலையோ, தம் வீட்டுப் பேச்சுமொழியையோ தரவாக்கி, மாதிரி எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது என்று எழுதும் ஒரு திட்டக்கட்டுரை, ஆறு படிகளை ஒப்பிப்பதைவிட அதிகம் கற்றுத்தரும். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மதிப்பெண் இடும் முறை மாற வேண்டும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். ஆராய்ச்சியின் வரலாற்றுக்கு மாநாட்டுத் தொகுதிகள் இருக்கின்றன. கற்பித்தலின் வரலாற்றுக்கு அப்படிப்பட்ட ஆவணக்காப்பகம் எங்கும் என் கண்ணில் படவில்லை. 1980கள் முதல் 2010கள் வரை உங்கள் கல்லூரியில் நடந்த இப்பாடத்தின் பாடத்திட்டம், வினாத்தாள், ஆய்வுக்கூடப் பதிவேடு, ஆசிரியரின் கையெழுத்துக் குறிப்பு எதுவாயினும் உங்களிடம் இருந்தால், எடைக்குப் போடும் முன் படமெடுத்து வையுங்கள். ஆண்டையும் பல்கலைக்கழகத்தையும் அதன்மேல் குறித்து வையுங்கள். வகுப்பறையில் உண்மையில் என்ன நடந்தது என்பதை அந்தத் தாள்கள்தான் சொல்லும்.